செங்கல் வைத்துப் பேச்சு சொல்லித்தந்த ஸ்டெல்லா டீச்சர்

செய்தி வந்தபோது நான் ஓட்டல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன். மதுரை பஸ் கிளம்ப வேண்டிய நேரம். "மதுரை பஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்கு மூச்சு எடுக்கிறேன், மேசை மேல் இருந்த போனில் ஜெராக்ஸ் கடை பாயின் பெயர் வருகிறது. வேலை நேரத்தில் பாய் கூப்பிட மாட்டார். எடுத்துக் காதில் வைத்தேன். "அஞ்சலம்மா, டீச்சர் போயிட்டாங்கம்மா. காத்தால நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் பல பேர் கையில் டம்ளரோடு ஸ்பீக்கர் பக்கம் திரும்பியிருந்தார்கள். மதுரை பஸ் என்று சொல்லியாகிவிட்டது. அது கிளம்புகிறதா, நிற்கிறதா, அவர்களுக்குத் தெரியாது. பாதியில் கையை எடுத்தால் செங்கல் யார் காலிலாவது விழும் என்று சொல்லித் தந்ததே டீச்சர்தான். முடித்தேன். தமிழில் சொன்னேன், இங்கிலீஷிலும் சொன்னேன். ஒரு ஆளும் குறையாமல் பஸ் போனது. அதற்குப் பிறகுதான் மேசையில் தலையைச் சாய்த்தேன்.

டீச்சரிடம் படித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதுங்கள், சேர்த்து ஒரு மலராகப் போட்டுவிடுவோம் என்று பாய் சொன்னார். நான் ஏழாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கம் கிடையாது. என் மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துக்கொள், என் பேச்சைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். டீச்சரும் அப்படித்தான். உச்சரிப்பைத் திருத்துவார், நம்மை மாற்ற மாட்டார்.

உங்களில் பல பேருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். விழுப்புரத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவில், பாய் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவார். அடுத்தவர் ஜோக்கை முடிப்பதற்குள் சிரித்துவிடுவார். என்னைவிட வயதில் சின்னவர். அதனால் நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திருவாமாத்தூர் பக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து கட்டட வேலையில் சித்தாள். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்தேன். எலும்பு ஒட்டியது, இடுப்பு பழையபடி வரவில்லை. குனிந்து பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விக்கிரவாண்டி தாண்டி ரோட்டு மேல், தூரத்து பஸ்கள் நிற்கிற ஒரு ஓட்டலில் மேசை துடைக்கிற வேலை கிடைத்தது. அதற்கும் குனியத்தான் வேண்டியிருந்தது. அங்கே மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீ இங்கேர்ந்து கூப்ட்டா பார்க்கிங்ல இருக்கறவன் திரும்பறாம்மா. மைக்ல உக்காரு" என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை. சாமி கொடுத்தது என்று நினைத்தேன்.

தமிழில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இங்கிலீஷில்தான் மாட்டிக்கொண்டேன். அந்த ரோட்டில் வடநாட்டுக்காரர்கள், கேரளாக்காரர்கள், ராமேஸ்வரம் போகிற யாத்திரைக் கூட்டம் எல்லாம் வரும். நான் வந்த புதிதில் ஒரு வடநாட்டு ஆளை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. மனைவி பஸ்ஸில், புருஷன் வாசலில். நான் சொன்னது அவருக்கு விளங்கவே இல்லை. கார் பிடித்துத் துரத்தி ஏற்றிவிட்டார்கள். மேனேஜர் என் எதிரில் வந்து நின்றார்.

"ஏம்மா, மைக்கையே முழுங்கிக்கினு பேசற? இன்னொரு தபா ஆள வுட்டுட்டு வண்டி போச்சுன்னா டிராவல்ஸ்காரன் பக்கத்து ஓட்டலுக்குப் பூடுவான். உன்ன நான் பாத்திரம் கழுவத்தான் போடணும்."

அங்கே பாத்திரம் என்றால் அண்டா. கழுவ வேண்டும், கவிழ்க்க வேண்டும், தூக்க வேண்டும். அதில் போட்டால் என் இடுப்பு அதோடு முடிந்தது. என் மகள் விழுப்புரத்தில் காலேஜில் சேர்ந்திருந்த நேரம். திண்டிவனம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டைத் தேடிக்கொண்டு போய் மாடி ஏறினேன்.

உள்ளே இஞ்சினியரிங் படித்த பசங்க, நர்சிங் படித்த சரண்யா, பேங்க் வேலைக்கு முயற்சி பண்ணுகிறவர்கள். நான் வாசலிலேயே நின்றேன். டீச்சர் என்னை யாரோ பிள்ளையைக் கூப்பிட வந்தவள் என்று நினைத்து, "எந்தப் பொண்ணோட அம்மாங்க?" என்று கேட்டார். "நான்தாங்க படிக்க வந்தேன்" என்றேன். அவர் வாய் நிறையச் சிரித்து, தன் நாற்காலியைத் தள்ளி எனக்குப் போட்டார்.

டீச்சர் முதலில் எனக்கு எழுதிக் கொடுத்த வாக்கியம் இன்னும் மனப்பாடம். "கைண்ட் அட்டென்ஷன் ப்ளீஸ். பாசஞ்சர்ஸ் டிராவலிங் டு மதுரை ஆர் ரிக்வெஸ்டட் டு போர்ட் த பஸ் இமீடியட்லி." உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் பிடிப்பார். ப்ளீஸ் என்றால் அது ஆட வேண்டும். கண்ணாடி பார்த்து நாக்கை எங்கே வைப்பது என்று காட்டுவார். பஸ்ஸு, கேட்டு, ஃபைவ்வு என்று கடைசியில் ஒரு வால் வைத்துப் பேசுவதுதான் நம் ஊர் வழக்கம் அல்லவா. "ஃபைவ்வு இல்லக்கா, ஃபைவ். கதவச் சாத்தறா மாதிரி சாத்துங்க" என்பார். ஒரு நாள் பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா. நீங்க வந்த புதுசுல இஸ்கூலு, இஸ்டேசன்னு சொன்னீங்களே, நான் சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க டீச்சர்!"

"சரி, சிரிச்சேன். இப்ப நிறுத்திட்டேன்ல?"

வகுப்பில் நான் தேறிவிட்டேன். முழு வாக்கியமும் தப்பில்லாமல் சொன்ன அன்று டீச்சர் கை தட்டினார். ஆனால் ஓட்டலில் ஒன்றும் மாறவில்லை. நான் சொல்வேன், ஜனங்கள் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள், பிறகு டீயைப் பார்ப்பார்கள். கிளீனர்தான் ஓடி ஓடி ஆளைச் சேர்ப்பான். ஒரு கேரளாக் குடும்பம் வண்டியைத் தவறவிட இருந்தது, கடைசி நேரத்தில் டிரைவர் பார்த்து நிறுத்தினார். "இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன்" என்றார் மேனேஜர். நான் டீச்சரிடம் போய், எனக்கு இது வராதுங்க, நின்னுக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் அவர் பஸ் ஏறி ஓட்டலுக்கே வந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. ஜனங்களோடு ஜனமாக ஒரு டீ வாங்கிக்கொண்டு, கைகழுவும் இடத்துப் பக்கம் உட்கார்ந்து நான் பேசுவதையெல்லாம் கேட்டிருக்கிறார். கூட்டம் குறைந்ததும் என் அறைக்கு வந்தார். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"தமிழ்ல சொல்றப்ப நிதானமா உக்காந்து பேசறீங்க. இங்கிலீஷ் வந்ததும் எழுந்து ஓடறீங்க. நீங்க இங்கிலீஷ் பேசலக்கா, இங்கிலீஷ்லேர்ந்து தப்பிச்சுப் போறீங்க."

அது அத்தனையும் உண்மை. யாராவது சிரிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. டீச்சர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன் டம்ளரைக் காட்டினார்.

"பாதி தப்பு என்னுது. நான் எழுதிக் குடுத்தத நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே டீ ஆறிப்போச்சு. கிளாஸ்ல மார்க் போட நான் இருக்கேன். இங்க யாரு மார்க் போடறாங்க? டீ குடிக்கறவங்கதான் இருக்காங்க." பிறகு ஜன்னல் வழியாக யாத்திரைக் கூட்டத்தைக் காட்டினார். "அவங்களுக்கும் இங்கிலீஷ் உங்க அளவுக்குத்தான் தெரியும். நான் யாரோ லண்டன்காரருக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் பயமே இல்லாம வர்ற வேலை எதுக்கா?" என்று கேட்டார்.

யோசிக்காமல் சொன்னேன், செங்கல் கை மாத்தறது என்று.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கீழே லாரியில் வந்த செங்கல்லை மாடிக்கு ஏற்ற நாங்கள் வரிசையாக நிற்போம். ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு. செங்கல்லைப் பார்க்க மாட்டோம், எதிரில் இருக்கிறவள் கையைப் பார்ப்போம். அவள் கை அடியில் வந்து, பாரம் அவள் பக்கம் போனது நமக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் விடுவோம். புதிதாக வந்தவளிடம், "கை வந்துச்சா?" என்று கேட்டுவிட்டே விடுவோம்.

"அவசரப்பட்டு விட்டா?"

"கால் பூடும் டீச்சர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். போகும்போது, "ஞாயித்துக்கெழம வந்துடுங்க, நின்னுக்கறேன்னு சொன்னதெல்லாம் செல்லாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினால், வகுப்பு நடுவில் மேசை மேல் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார். நிஜச் செங்கல். அங்கே இருந்தவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். பழக்கம் உள்ளவள் என்று என்னை முதலில் நிறுத்தினார். ஒரு செங்கல்லுக்கு ஒரு வார்த்தை. வார்த்தையைச் சொல்லி, எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்து, அவருக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் செங்கல்லை விட வேண்டும். வாங்கினவர் அதே வார்த்தையைச் சொல்லி அடுத்தவருக்குத் தர வேண்டும். இன்டர்வியூவில் எக்ஸ்பிரஸ் ரயில் போலப் பேசுகிற பிரபு, எக்ஸ்பீரியன்ஸ் என்கிற வார்த்தையைப் பாதி முழுங்கிக்கொண்டே கையை விட்டுவிட்டான். செங்கல் அவன் செருப்பின் மேல் விழுந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை.

"பாத்தியா," என்றார் டீச்சர், "இன்டர்வியூல உனக்கு எதிர்ல உக்காந்துக்கினு இருந்தவருக்கும் இதான் ஆச்சு."

கீழே இருந்து பாய் மூச்சு வாங்க ஏறி வந்தார். "இன்னா டீச்சர், மாடி மேல மாடி கட்றீங்களா? மிஷினு மேலல்லாம் செம்மண்ணு கொட்டுது, ஒரே பேஜாரா பூடுச்சு!" டீச்சர் அவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். "ஜல்தி, ஜல்தி, கடையில ஆள் நிக்குது" என்றார் பாய். "ஜல்தின்னா உங்க கால்லதான் விழும் பாய்" என்று நான் சொன்னதும் அறையே சிரித்தது. அவர் கடைக்குத் திரும்பிப் போக வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்கு என் வாக்கியத்தையும் உடைத்தோம். டீச்சருக்கு மனசே இல்லை. "ரிக்வெஸ்டட் ஆச்சும் இருக்கட்டுமேக்கா, மரியாதையா இருக்கும்" என்றார். "அவ்ளோ பெரிய கல்ல யாரு டீச்சர் கையில வாங்குவாங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே அதையும் பேனாவால் அடித்துவிட்டார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "மதுரை பஸ். ஒயிட் பஸ். கோயிங் நவ். ப்ளீஸ் கம்." ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முகமாவது திரும்புகிற வரை நிற்க வேண்டும்.

வகுப்பில் யாராவது டிவியில் வருகிறவர்களைப் போல நாக்கைச் சுழற்றினால் அவருக்குக் கோபம் வரும். "யாரு மாதிரியும் பேச வாணாம். புரியறா மாதிரி பேசுங்க" என்பார். இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்த மாதம் முடிகிற சமயம், ஐப்பசி மழை. மத்தியானமே இருட்டிக்கொண்டு கொட்டியது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது, மைக் செத்துவிட்டது. ராமேஸ்வரம் யாத்திரை பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒரு வயசான அம்மாவைக் காணோம். அவர் மகன் படியில் நின்று அவர்கள் பாஷையில் கத்துகிறார். தகரக் கூரை மேல் மழை விழுகிற சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கூடத்து வாசற்படியில் ஏறி நின்றேன். வாய் தன்னால் கத்தப் போனது. கத்தினால் மழையோடு சேர்ந்துகொள்ளும். மூச்சை இழுத்து, "ராமேஸ்வரம் பஸ்" என்றேன். நின்றேன். டீ மாஸ்டர் திரும்பினார். "ஒயிட் பஸ்." கைகழுவும் இடத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "கோயிங் நவ்." அதற்குள் டீ மாஸ்டர் முதல் வார்த்தையை வாங்கிக்கொண்டு, பின்பக்கம் பார்த்து "ராமேஸ்வரம் பஸ்!" என்கிறார். அங்கே இருந்தவர் அதை பாத்ரூம் பக்கம் அனுப்புகிறார். யாரும் சொல்லித் தரவில்லை. நான் சொன்னது அவர்களுக்கு முழுசாகக் கிடைத்தது, அதனால் முழுசாகக் கொடுத்தார்கள். கடைசியில் அது கொய்யா விற்கிற அம்சாவிடம் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடமே பார்க்காதவள். அவளுடைய பிளாஸ்டிக் படுதாவுக்கு அடியில் அந்த அம்மா மழைக்கு ஒதுங்கியிருந்தார். அம்சா அவர் தோளைத் தொட்டு, பஸ்ஸைக் காட்டி, "ஒயிட் பஸ். கோயிங் நவ்" என்றாளே பார்க்கலாம்! அந்த அம்மா எழுந்துவிட்டார். அம்சா குடை பிடித்துக் கூட்டி வந்தாள். என்னைத் தாண்டும்போது அந்த அம்மா ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

மேனேஜர் உள்ளே போய், தானே ஒரு டீ எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "மைக்கு உன்னுதும்மா. அந்த வடநாட்டு ஆள் விஷயத்த வுட்டுடு" என்றார்.

டீச்சருக்குப் போன் செய்தேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சிரிப்பு. "செங்கல் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு டீச்சர். அம்சா கையில."

"அப்ப அவங்களையும் கூட்டிக்கினு வாங்க."

அம்சாவும் வந்தாள். இப்போது எங்கள் ஓட்டலில் வெளிநாட்டுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால், "ஸ்வீட் குவாவா. டேஸ்ட் அண்ட் ஸீ" என்று முகம் பார்த்து நிறுத்திச் சொல்கிறாள். மிளகாய்த்தூள் வேண்டுமா என்று மட்டும் தமிழிலேயே கேட்கிறாள். அதுவும் அவர்களுக்குப் புரிகிறது.

டீச்சரை அடக்கம் செய்த அன்று தெரு முழுக்கக் கூட்டம். பெங்களூரிலிருந்து அவருடைய அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள், அதுகளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. வண்டி வந்து நின்றும் யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் என் பக்கம் திரும்பி, "அஞ்சலம்மா, நீ சொல்லும்மா" என்றார்.

படியில் ஏறினேன். "டீச்சர் கிளம்பறாங்க" என்றேன். நின்றேன். பந்தலில் இருந்தவர்கள், எதிர்வீட்டு நிழலில் இருந்தவர்கள், எல்லாரும் எழுந்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, "டீச்சர் இஸ் கோயிங் நவ்" என்றேன். ஓடவில்லை. அதுகளில் சின்னப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்கிற வரை நின்றேன். நான் இதுவரை தூக்கினதிலேயே பெரிய பாரம் அதுதான். ஆனால் எல்லார் கையும் வந்தது.

வகுப்பு நிற்கவில்லை. மாடியை எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள் என்று பாய் சாவியைக் கொடுத்துவிட்டார். சரண்யா பாடம் எடுக்கிறாள். பிரபுவுக்கு வேலை கிடைத்துவிட்டது, லீவில் வந்து நிற்கிறான். செங்கல் வரிசை என் பொறுப்பு. போன ஞாயிறு திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். தன் பெயரைக்கூட இங்கிலீஷில் ஓடி ஓடிச் சொன்னாள். அவள் கையில் ஒரு செங்கல்லை வைத்து, "என் கை வந்துச்சான்னு பாத்துட்டு விடும்மா" என்றேன். அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இங்கிலீஷ் இல்லை. அது எனக்கு இன்னும் கொஞ்சம்தான் தெரியும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தை வைத்துக்கொண்டேன். முன்பு அங்கே என் வெட்கம் நின்றுகொண்டிருந்தது. இப்போது அங்கே எதிரில் இருக்கிறவர் முகம் இருக்கிறது.